சாதியின் மூக்கு

(கோட்டுச்சேரிமேட்டில் இளைஞர்கள் நடத்திய வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த தம்பிகள் சிரித்தார்கள். 61 நாள் தடைக்காலம் இருக்கிறது, டீசல் விலை இருக்கிறது, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும் படகுகள் இருக்கின்றன, இதையெல்லாம் விட்டுவிட்டு சென்ட்டா அக்கா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மணமும் நாற்றமும் நம் ஊருக்குச் சின்ன விஷயம் இல்லை. நம்மைப் பேருந்தில் ஏற்றுவதா இறக்குவதா, நமக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பதா வேண்டாமா, வகுப்பில் நம் பக்கத்தில் உட்காருவதா தள்ளி உட்காருவதா என்பதைப் பல இடங்களில் மூக்குதான் முடிவு செய்கிறது. அந்த மூக்கு யாருடையது என்று கேட்பதுதான் இன்றைய பேச்சு.

விலை உயர்ந்த வெளிநாட்டு சென்ட் விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 100 மில்லி பாட்டில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். அந்த விளம்பரத்தில் மணத்தைக் காட்ட முடியாது. திரையிலோ தாளிலோ மணம் வராது. அதனால் அவர்கள் ஒரு ஆளைக் காட்டுகிறார்கள். கோட் போட்ட ஒருவர் மாடியிலிருந்து நகரத்தைப் பார்க்கிறார், அவர் தலைவர். பட்டுடுத்திய ஒரு பெண் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள், அவள் மர்மமானவள். சந்தனக்கட்டை, அகில் போன்ற மணம் என்றால் உறுதியான ஆளுமை. பூ மணம் என்றால் மென்மையான ஆளுமை. எலுமிச்சை, ஆரஞ்சு மணம் என்றால் துடிப்பான ஆளுமை. உங்கள் பிறந்த தேதியைச் சொன்னால் எந்த சென்ட் உங்களுக்கானது என்று சொல்லும் சோதிடம்கூட இப்போது வந்துவிட்டது. சுருக்கமாக, ஒருவரின் மணம் அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிவிடும் என்பதுதான் அவர்கள் விற்கும் சரக்கு. பாட்டிலுக்குள் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால்.

இதைப் புதுமையான நாகரிகம் என்று நினைக்கிறோம். நம் நாட்டில் இது மிகப் பழையது. கொக்கோகம் என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண்களை பதுமினி, சித்தினி, சங்கினி, அத்தினி என்று நான்காகப் பிரிக்கும் மரபு அது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணம், ஒரு நடை, ஒரு உடல்மணம். உயர்ந்தவளான பதுமினிக்குத் தாமரை மணம். கடைசிப் படியில் இருக்கும் அத்தினிக்கு மதயானையின் வாடை. நான்கு என்ற எண்ணும், மேலிருந்து கீழாக அடுக்கும் வரிசையும், மணம் பிறவியிலேயே வந்தது என்ற முடிவும் எங்கிருந்து வந்தவை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெரிய விவாதமே நடந்ததாகக் கதை இருக்கிறது. திருவிளையாடல் கதை. 1965-இல் வந்த ஏ.பி. நாகராஜனின் படம் வழியாக அது வீட்டுக்கு வீடு தெரியும். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையாகவே மணம் உண்டா, இல்லை பூவும் சாந்தும் வைப்பதால் வருகிறதா என்பது பாண்டியனின் சந்தேகம். இயற்கை மணம் உண்டு என்பது இறைவன் எழுதிய பாட்டின் கட்சி. இல்லை, எல்லாம் பூவால் வருவதுதான் என்பது நக்கீரன் கட்சி. பதுமினிப் பெண்களுக்கும் இல்லையா, தேவலோகப் பெண்களுக்கும் இல்லையா, நீ கும்பிடும் அம்பிகைக்கும் இல்லையா என்று இறைவன் படிப்படியாக மேலே ஏறிக் கேட்கிறார். நக்கீரன் ஒவ்வொரு படியிலும் இல்லை என்றே சொல்கிறான்.

நாம் இதைத் தமிழ்ப் புலவனின் துணிச்சல் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நக்கீரன் சொன்ன விஷயத்தைக் கவனியுங்கள். எந்த உடம்புக்கும் பிறப்பால் உயர்ந்த மணம் கிடையாது. மேலே என்ன பூசுகிறோம், எதைச் சூடுகிறோம், எதில் வேலை செய்கிறோம் என்பதால்தான் மணம் வருகிறது. தேவர்களுக்கும் இதே விதி. வாதத்தில் இதற்குப் பதில் இல்லாமல் போன இடத்தில் எதிர்த்தரப்பு என்ன செய்கிறது? மரபில் வழங்கும் பாடலிலும் படத்திலும், சங்கு அறுத்து வளையல் செய்யும் பிறப்புதானே உன்னுடையது என்று நக்கீரனைக் குத்திக் காட்டுகிறது. அதற்குப் பிறகு நெற்றிக்கண். மணம் பிறப்பில் இல்லை என்று சொன்னவனிடம் பிறப்பைக் கேட்கிறார்கள். ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான், அடுத்த தடவை பார்க்கும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள்.

இன்னொரு கதை நேரடியாக நமக்கானது. மகாபாரதத்தில் சத்தியவதி. பரதவர் குலத்தில் வளர்ந்த பெண், யமுனையில் படகு ஓட்டுபவள். அவளுக்கு முதலில் வைத்த பெயர் மச்சகந்தி, அதாவது மீன் வாடை அடிப்பவள். பராசர முனிவர் அவள் படகில் ஏறுகிறார். நடு ஆற்றில் அவளிடம் ஆசைப்படுகிறார். அவள் அச்சத்தைச் சொல்கிறாள், தந்தையைச் சொல்கிறாள். கடைசியில் முனிவர் வரம் கொடுக்கிறார். மீன் வாடை போய், ஒரு யோசனை தூரம் வீசும் நறுமணம் வருகிறது. அன்றிலிருந்து அவள் யோசனகந்தி, பரிமளகந்தி. பிறகு சந்தனு மகாராசா அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே வந்து அவளைக் கண்டு பட்டத்தரசியாக்குகிறான்.

இதைவிடப் பெரிய சென்ட் விளம்பரம் இந்த நாட்டில் எழுதப்படவில்லை. வாடை மாறியது, வாழ்க்கை மாறியது. ஆனால் கதையின் உள்ளே மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, மணத்தைக் கொடுக்கும் அதிகாரம் முனிவரிடம் இருக்கிறது. இரண்டு, அதற்கு விலை அவள் உடம்பு. மூன்றாவது இன்னும் நுட்பமானது. மீனவப் பெண் அரசியானாள் என்று சொல்லக் கதைக்கே மனம் வரவில்லை. அதனால் அவள் உண்மையில் உபரிசரவசு என்ற அரசனின் மகள், சாபத்தால் மீனாக இருந்த ஒரு தேவமங்கையின் வயிற்றில் பிறந்தவள் என்று முன்கதை ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. மீன் வாடை வளர்ப்பால் வந்த விபத்து, உள்ளே ஓடுவது ராஜ ரத்தம் என்று ஆக்கிவிட்டார்கள்.

இப்போது மூக்குக்கு வருவோம். எது நல்ல மணம், எது கெட்ட நாற்றம் என்று மூக்கு தானாகச் சொல்கிறதா?

மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லிகையின் மணத்தில் இன்டோல் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. அதே இன்டோல் மனித மலத்திலும் இருக்கிறது. மிகக் குறைந்த அளவில், மற்ற பொருள்களோடு சேரும்போது அது பூவின் மணமாகத் தெரிகிறது. புனுகு என்பது புனுகுப் பூனையின் ஆசனவாய்க்கு அருகில் உள்ள சுரப்பியிலிருந்து எடுப்பது. அதைக் கோயிலில் சாமிக்குச் சாத்துகிறார்கள். அம்பர் நம் கடற்கரைக்குத் தெரிந்த பொருள்தான். செய்தியில் திமிங்கல எச்சம் என்று வரும். கணவாயின் அலகு போன்ற செரிக்காத பொருளைச் சுற்றித் திமிங்கலத்தின் குடலில் உருவாவது. புதிதாக இருக்கும்போது சாணி வாடை. கடலில் பல காலம் மிதந்து காய்ந்தபின் அதற்கு நூற்றாண்டுகளாக உலகின் விலை உயர்ந்த சென்ட்டில் இடம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வைத்திருந்தாலே வழக்கு என்பதால் நம் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மீன் வாடை என்பது என்ன? கடல்மீன் உயிரோடு இருக்கும்போதும், பிடித்த உடனேயும் அதற்குப் பெரிய வாடை கிடையாது. இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். மீன் செத்தபின் அதன் தசையில் உள்ள ஒரு பொருளை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது ட்ரைமெத்திலமீன் உண்டாகிறது. அதுதான் கவிச்சி வாடை. புளியும் எலுமிச்சையும் அதைக் கட்டிப்போடும் என்பதை வேதியியல் படிக்காமலேயே நம் அம்மாக்கள் கண்டுபிடித்தார்கள். ஆக, அந்த வாடைக்குக் காரணம் நேரமும் வெயிலும். ஐஸ் இருந்தால், மேலே கூரை இருந்தால், பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தால், கழிவுநீர் போக ஒரு வாய்க்கால் இருந்தால் வாடை பெருமளவு குறையும். அன்னக்கூடையைத் தலையில் வைத்து வெயிலில் நடக்கும் பெண்ணின் மேல் வரும் வாடை, அவளுக்குச் செய்து தராமல் விட்டவற்றின் வாடை. அதை அவளுடைய குணம் என்று படிக்கிறார்கள்.

மானுடவியலாளர் ஜோயல் லீ லக்னோ நகரத்துத் தலித் குடியிருப்புகளில் ஆய்வு செய்து 2017-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. முதலில் சாதி ஊரைக் கட்டும்போதே சாக்கடையும் குப்பையும் யார் வீட்டுப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்கிறது. பிறகு அங்கே வீசும் நாற்றத்தைக் காட்டி, பாருங்கள், இவர்கள் இப்படித்தான் என்கிறது. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கும் வேலை.

மஹாடில் நடந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று சொல்லி, பின்னர் 108 பானைகளில் தண்ணீர் எடுத்து வெளியே கொட்டி, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து குளத்தைச் சுத்திகரித்தார்கள். மனிதர் கை பட்டால் அசுத்தம், மாட்டு மூத்திரம் பட்டால் சுத்தம். மூக்கை மட்டும் நம்பி எடுத்த முடிவாக இது இருக்க முடியுமா? எது நாறுகிறது என்பதை மூளையில் உட்கார்ந்திருக்கும் சாதி முதலில் முடிவு செய்கிறது. மூக்கு பின்னால் வந்து கையெழுத்துப் போடுகிறது.

நம் காலத்துக்கு வருவோம். 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பேருந்து நிலையத்தில் நடந்தது. மீன் விற்றுவிட்டு வீட்டுக்குப் போக அரசுப் பேருந்தில் ஏறிய வயதான தாயை, மீன் வாடை வருகிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்று அரசு அறிவித்த அதே பேருந்து. அந்தத் தாய் பேருந்து நிலையத்தில் நின்று சத்தமாக நியாயம் கேட்டார். யாரோ எடுத்த காணொளி பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். காணொளி இல்லாத மற்ற நாட்களில் என்ன நடக்கிறது என்பதைப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

படித்த இடங்களில் இது வேறு உடை போட்டு வருகிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் உணவகம் ஒன்றில் சைவம் சாப்பிடுபவர்களுக்கும் அசைவம் சாப்பிடுபவர்களுக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கை கழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர்கள் எதிர்த்த பிறகு எடுக்கப்பட்டது. சென்னையில் வீடு தேடியவர்களுக்கு, சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் என்ற வரி என்ன கேட்கிறது என்று தெரியும். சாதி என்ன என்று கேட்டால் தப்பு, சமையலறையில் என்ன வாடை வரும் என்று கேட்டால் தப்பில்லை.

நான் ஆய்வு மாணவி. பத்தாண்டுக்கு மேல் விடுதி வாழ்க்கை. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளின் பெட்டியில் முதல் மாதத்திலேயே ஒரு பாடி ஸ்பிரே வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உதவித்தொகை வரவில்லை, புத்தகம் வாங்கவில்லை, ஆனால் ஸ்பிரே இருக்கும். வகுப்புக்குப் போகும் முன் இரண்டு தடவை அடித்துக்கொள்வார்கள். ஊரிலிருந்து வரும் கருவாட்டை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைப்பார்கள். இது அலங்காரத்துக்காகச் செய்வது இல்லை. யாராவது மூக்கைச் சுளித்துவிடுவார்களோ என்ற பயம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு சென்ட் என்பது தன்னைக் காட்டிக்கொள்ள. நம் பிள்ளைக்கு சென்ட் என்பது தன்னை மறைத்துக்கொள்ள. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் செய்யாதீர்கள். பாங் ஜூன் ஹோவின் 'பாரசைட்' படம் 2019-இல் உலகம் முழுக்க ஓடியதே, அதில் அந்தக் குடும்பம் எல்லாப் பொய்யையும் வெற்றிகரமாகச் சொல்கிறது. தரைக்கடியில் இருக்கும் வீட்டின் வாடையை மட்டும் அவர்களால் மறைக்க முடியவில்லை. கொரியாவில் வர்க்கத்துக்கு இருக்கும் மூக்குதான் இங்கே சாதிக்கும் இருக்கிறது.

சரி, அந்த விலை உயர்ந்த பாட்டிலுக்குள் இருக்கும் மணம் எங்கிருந்து வருகிறது? பாதி வழி நம் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் மாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. உலக சென்ட் தொழிலின் தலைநகரம் பிரான்ஸ். அங்கே ஆண்களுக்கான சென்ட்களில் மிகப் பிரபலமான ஒரு பெயர் வெத்திவேர். கெர்லேன் நிறுவனமே அந்தப் பெயரில் சென்ட் விற்கிறது. அது நம் வெட்டிவேர்தான். தமிழ்ச் சொல் அப்படியே பிரெஞ்சுக்குப் போய் அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. வெட்டி எடுக்கும் வேர் என்பதால் அந்தப் பெயர். மண்ணைக் குனிந்து வெட்டுபவரின் வேலை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பாட்டிலை வாங்குபவருக்கு அது தெரியாது.

அடிமை முறையை பிரான்ஸ் தன் காலனிகளில் 1848-இல் ஒழித்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். பாண்டிச்சேரியிலிருந்தும் இந்தக் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைக் கப்பலில் ஏற்றினார்கள். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப். ரீயூனியனுக்குப் பழைய பெயர் பூர்போன் தீவு. சென்ட் வியாபாரத்தில் பூர்போன் வெத்திவேர் என்றால் மிக உயர்ந்த ரகம். தமிழ் வேரும், அதன் பெயரும், தமிழ்க் கூலிகளும் போய்ச் சேர்ந்த ஒரே தீவு. வேரின் பெயர் பாட்டிலில் இருக்கிறது. கூலிகளின் பெயர் பதிவேடுகளில் கிடக்கிறது.

மல்லிகையும் அப்படித்தான். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டு மல்லிகையிலிருந்து எடுக்கும் சாறு டியோர் உள்ளிட்ட பெரிய நிறுவனங்களின் சென்ட்களுக்குப் போகிறது. மொட்டு மலர்வதற்கு முன் பறிக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கும். தொழிற்சாலையில் கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற ஒரு பொருளை எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி, கடைசியில் சாறு எடுப்பார்கள். ஒரு கிலோ சாறுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோ பூ வரை தேவைப்படும். ஒரு கிலோ பூவில் ஆயிரக்கணக்கான மொட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு விரல் கிள்ளியது. பறிக்கும் பெண்களில் பெரும்பாலோர் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது. எகிப்தின் மல்லிகைத் தோட்டங்களில் சிறுவர்கள் இரவில் பூப்பறிப்பதையும், அந்தப் பூ பெரிய நிறுவனங்களின் சென்ட்டுக்குப் போவதையும் 2024-இல் பி.பி.சி. வெளிக்கொண்டு வந்தது. பாட்டிலின் ஆளுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த விரல்களின் ஆளுமையைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த இடத்தில் உலகின் மிகப் பிரபலமான சென்ட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். சனெல் நம்பர் 5. 1921-இல் வந்தது. எர்னஸ்ட் போ என்ற வேதியியல் கைதேர்ந்தவர் உருவாக்கியது. கோகோ சனெல் ஏழைக்குப் பிறந்தவர். தாய் துணி வெளுக்கும் தொழிலாளி. தாய் இறந்தபின் கன்னியர் மடத்து அனாதை விடுதியில் வளர்ந்தார். அங்கிருந்து உலகத்தின் உச்சிக்கு வந்தார். இதுவரை நமக்குப் பிடித்த கதை. 1924-இல் சென்ட் வியாபாரத்தை நடத்த வெர்தைமர் என்ற யூதச் சகோதரர்களோடு நிறுவனம் தொடங்கினார். பெரும்பங்கு அவர்களுடையது. 1941-இல் பாரிஸ் நாஜிகளின் பிடியில் இருந்தபோது, யூதர்களின் சொத்தைப் பறிக்கும் ஆரியச் சட்டத்தைக் காட்டி, இந்த நிறுவனம் யூதர்களுடையது, அதை எனக்குக் கொடுங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டார். வெர்தைமர்கள் முன்கூட்டியே நிறுவனத்தை யூதரல்லாத ஒருவர் பெயருக்கு மாற்றியிருந்ததால் அது நடக்கவில்லை.

சென்ட் போடுபவரின் ஆளுமையைப் பாட்டில் சொல்லிவிடும் என்கிறார்களே, அந்த சென்ட்டுக்குத் தன் பெயரையே கொடுத்தவரின் ஆளுமையை அது சொல்லவில்லை. பிறப்பால் இழிவுபட்ட ஒருவர், வாய்ப்பு வந்தபோது இன்னொருவரின் பிறப்பைப் பிடித்து ஏற முயன்றார். மணம் அதை மறைத்தது.

இதை நான் ஏன் இங்கே, இந்தக் கோட்டுச்சேரிமேட்டில் சொல்கிறேன்? ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போவது நம்மைப் பற்றியது.

2004 டிசம்பர் 26. உங்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள். ஒவ்வொரு வீட்டிலும் படம் மாட்டியிருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் காரைக்கால் கடற்கரையும் தன் மக்களை இழந்தது. அடுத்த நாட்களில் கடற்கரை முழுக்க ஒரு வாடை இருந்தது. அதை முகர்ந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அதற்குள் இறங்கி, இடிபாடுகளிலிருந்தும் சேற்றிலிருந்தும் நம் உறவுகளின் உடல்களை எடுத்தவர்கள் யார்? நாகப்பட்டினத்துக்கு வெளியூர் நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலோர் தலித்துகள். போதிய கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் பலர் வேலை செய்தார்கள் என்று அப்போதே செய்திகள் வந்தன. அதே நாட்களில் அதே கடற்கரையில், நிவாரண முகாம்களில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதையும், ஒன்றாகத் தங்கவும் ஒரே இடத்தில் சாப்பிடவும் மறுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. மறுத்தவர்களில் மீனவ சமூகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

இதைச் சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபம் வரும். இந்த ஊர்ப் பிள்ளையாகவே சொல்கிறேன். நம் தாயைப் பேருந்திலிருந்து இறக்கியவன் சொன்ன வார்த்தை, வாடை. முகாமில் தலித் குடும்பத்தைத் தள்ளி உட்காரச் சொன்னவனுக்கு உள்ளே இருந்த வார்த்தையும் அதுதான். முதல் வார்த்தைக்கு எதிராகப் போராடி, இரண்டாவது வார்த்தையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. நாம் நாறவில்லை என்று நிரூபிப்பது நம் அரசியலாக இருந்தால், அடுத்த நிமிடமே நாறுபவர் வேறு யாரோ என்று கையைக் காட்ட வேண்டி வரும். சாதி அப்படித்தான் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் மூக்கைச் சுளிக்கக் கீழே ஒரு படியை அது கொடுத்து வைத்திருக்கிறது.

கையால் மலம் அள்ளும் வேலைக்குத் தடை விதிக்கும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடையில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால் மரணம் நிற்கவில்லை என்று பொருள். விஷவாயுவில் செத்தவரின் உடம்பில் வீசும் நாற்றம் நகராட்சியின் நாற்றம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டியவர் அவர் மனைவி.

அப்படியென்றால் சென்ட் போடக் கூடாதா அக்கா என்று கேட்பீர்கள். தாராளமாகப் போடுங்கள். பிடித்த மணத்தைப் பூசிக்கொள்வது மனிதருக்கு இருக்கும் சின்ன மகிழ்ச்சிகளில் ஒன்று. பூவும் சாந்தும் நல்ல துணியும் ஒரு காலத்தில் யாருக்கெல்லாம் மறுக்கப்பட்டது என்று தெரிந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் நல்ல மணத்தோடு நடப்பது எனக்கு மகிழ்ச்சி. அந்த மணம்தான் நீங்கள் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். நல்ல மணம் உங்களை உயர்ந்தவராக்கும் என்று ஒப்புக்கொண்டால், கெட்ட வாடை உங்களைத் தாழ்ந்தவராக்கும் என்பதையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஒரே பாட்டிலின் இரண்டு பக்கம் அது.

பழந்தமிழில் நாற்றம் என்ற சொல் நல்ல மணத்தையும் குறித்தது. ஆண்டாள் கண்ணனின் வாயைப் பற்றி ஆசையோடு கேட்கும்போதும் நாறுதல் என்ற வினையைத்தான் எடுக்கிறாள். பிறகு எப்போதோ அந்தச் சொல் கீழே இறங்கிவிட்டது. சொற்கள் இறங்கினால் மறுபடி ஏற்றவும் முடியும் என்று மொழி படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சொல்லை ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

நம் மீன் விற்கும் பெண்களுக்குக் கூரை உள்ள சந்தை, ஐஸ் வைக்கும் இடம், தண்ணீர்க் குழாய், கழிவறை வேண்டும். கேட்போம். கூடையோடு ஏறும் பெண்ணை எந்தப் பேருந்தும் இறக்கக் கூடாது, இறக்கினால் காணொளி இல்லாமலேயே நடவடிக்கை வேண்டும். கேட்போம். நம் ஊர்க் குப்பையையும் சாக்கடையையும் அள்ளுபவர்களுக்கு இயந்திரமும் நிரந்தர வேலையும் வேண்டும். அதை அவர்களோடு சேர்ந்து, அவர்கள் முன்னால் நிற்க, நாம் பின்னால் நின்று கேட்போம். நம் வீட்டுக் கல்யாணத்தில் அவர்கள் எங்கே உட்காருகிறார்கள், எந்தத் தம்ளரில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதை நாமே இன்று மாற்றலாம்.

ஒருவரின் ஆளுமையை அறிய வேண்டுமானால் அவர் மேல் என்ன மணம் வருகிறது என்று பார்க்காதீர்கள். கூடையோடு ஒரு பெண் பேருந்தில் ஏறும்போது அவர் நகர்ந்து இடம் கொடுக்கிறாரா, இல்லை சன்னலைத் திறக்கிறாரா என்று பாருங்கள்.